ஒன்பது மார்க் எந்தக் கேமுக்கு? சைபர்பங்க் 2077 வெளியீடும் மன்னார்குடி பக்கத்து பிஎஸ்4-ம்

சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேம் வெளியான கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் அதைச் செய்த போலந்து கம்பெனி சிடி ப்ராஜெக்ட் ரெட் எப்படிச் சறுக்கியது, ஷேர் எவ்வளவு விழுந்தது, அப்புறம் எப்படி எழுந்து நின்றது என்றே அந்தக் கதை போகும். வாங்கினவன் பக்கம் வந்து நின்று பார்த்தால் இதே நிகழ்வு வேறு மாதிரி தெரிகிறது. அவன் ரிவ்யூ பார்த்துவிட்டுத்தான் வாங்கினான். அந்த ரிவ்யூக்களை எழுதினவர்கள் காசு வாங்கிக்கொண்டு எழுதினார்கள் என்று இன்றுவரை யாரும் காட்டவில்லை, அவர்கள் பார்த்ததைத்தான் எழுதினார்கள். அப்படியிருந்தும் அவன் வீட்டு டிவியில் ஓடியது விளையாட முடியாத சாமான். நேர்மையான ரிவ்யூவும் ஏமாந்த வாங்குபவனும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடிந்தது? அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்கப் போகிறேன்.

வாங்கினவன்

என் சித்தப்பா மகன். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம், அப்போது டவுனில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிஎஸ்4, அதாவது டிவியில் மாட்டி விளையாடும் சோனியின் கேம் பெட்டி (கன்சோல்) ஒன்று வைத்திருந்தான். வேகம் கூடிய ப்ரோ மாடல் கிடையாது, 2013-ல் வந்தது பாருங்கள், அந்தப் பழைய மாடல், உள்ளே 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அந்த ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தெருப் பசங்கள் நாலைந்து பேர் முறை போட்டு விளையாடுவார்கள். 2019 ஜூனில் ஈ3 என்ற கேம் கண்காட்சி மேடையில் ஹாலிவுட் நடிகர் கீயானு ரீவ்ஸ் வந்து நின்று, 2020 ஏப்ரல் 16 என்று தேதி அறிவித்ததிலிருந்து அவர்களுக்கு இதே பேச்சுதான்.

ஏப்ரல், செப்டம்பர் 17 ஆனது. அது நவம்பர் 19 ஆனது. அக்டோபர் தொடக்கத்தில் கேம் 'கோல்டு' ஆகிவிட்டது, அதாவது டிஸ்க் அடிப்பதற்கான மாஸ்டர் பிரதி தயார் என்றார்கள், அதே மாதக் கடைசியில் இன்னும் 21 நாள் தள்ளி டிசம்பர் 10 என்றார்கள். கோல்டு ஆன கேம் தள்ளிப் போவது அபூர்வம். ஏன் என்று கேட்டதற்கு அவர்களே சொன்ன காரணம், பழைய கன்சோல், புதுக் கன்சோல், பிசி, ஸ்டேடியா (கூகுளின் ஆன்லைன் கேம் சேவை) என்று ஒன்பது வடிவங்களை ஒரே சமயத்தில் சோதித்துத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது என்பது. இந்த ஒன்பது என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த விவகாரமும் இதற்குள்தான் இருக்கிறது.

அந்த நவம்பர், டிசம்பர் டெல்டாவில் எப்படிப் போனது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். நவம்பர் கடைசியில் நிவர் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, புரெவி வந்து மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றுகொண்டு நாகை, திருவாரூர், தஞ்சை என்று கொட்டித் தீர்த்தது. சித்தப்பாவின் சம்பா வயல் தண்ணீருக்குள். தம்பி காலையில் அவரோடு போய் வரப்பை வெட்டித் தண்ணீரை வடிகாலுக்குத் தள்ளிவிட்டு, குளித்து, அப்புறம் கடைக்குப் போவான். இந்தக் கேமுக்காக அவன் எடுத்து வைத்திருந்தது அப்படிப்பட்ட மாதத்துச் சம்பளக் காசு. அதனால்தான் முன்பதிவு செய்யவில்லை. ரிவ்யூ வரட்டும், பார்த்துக்கொண்டு வாங்குவோம் என்று காத்திருந்தான். யாராக இருந்தாலும் இதைத்தானே செய்யச் சொல்வோம்?

டிசம்பர் 7 இரவு ரிவ்யூக்கள் வந்தன. ஐஜிஎன் என்ற கேம் தளம் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தது. பல ரிவ்யூக்களின் மார்க்கைச் சேர்த்துக் கணக்குப் போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் சராசரி 90-ஐ ஒட்டி நின்றது. கேம்ஸ்பாட் என்ற இன்னொரு தளம் பத்துக்கு ஏழுதான் போட்டது. தம்பி தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி, மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து டிஸ்க் வாங்கி வந்தான்.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்று தகவல்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவதற்கு, இன்னொன்று போட்டு விளையாடுவதற்கு. ஏற்றி முடித்ததும் பேட்ச், அதாவது குறைகளைச் சரிசெய்யும் கோப்பு, இறக்கச் சொல்லிக் கேட்டது. கிராமத்தில் அவனுக்கு இருந்தது ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் செல்போன் டேட்டா, பேட்ச்சோ பல ஜிபி. சரி, டிஸ்க்கில் இருப்பதை ஓட்டிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தார்கள். தெருவில் வண்டியை விரட்டினால் முன்னால் ரோடு காலியாகக் கிடக்கும், பக்கத்தில் போன பிறகுதான் கார்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். எதிரே நின்று பேசுகிற ஆளின் முகத்தில் கண்ணும் மூக்கும் தெளிவாக வருவதற்குள் அவர் பாதி வசனத்தைப் பேசி முடித்திருப்பார். சண்டை மும்முரமானால் படம் விட்டு விட்டு நகரும். அப்புறம் நீலத் திரை, சிஇ-34878-0 என்ற பிழை எண், முதலிலிருந்து ஆரம்பி. பெட்டியைத் துணியில் சுற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்த ஃபைபர் இணைப்பில் பேட்ச்சை இறக்கிவிட்டும் பார்த்தான். கிராஷ் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். எனக்குப் போன் போட்டுச் சொன்னான்: "அண்ணே, வீடியோவுல பார்த்தது இது இல்லண்ணே."

அவன் சொன்னது அப்படியே உண்மை. டிஜிட்டல் ஃபவுண்ட்ரி குழு அளந்து பார்த்தபோது சாதாரண பிஎஸ்4-ல் படத்தின் துல்லியம் 720-க்கும் 900-க்கும் இடையில் ஏறி இறங்கியது, விநாடிக்கு 30 ஃப்ரேம் வர வேண்டியது நெருக்கடியான இடங்களில் இருபதுக்கும் கீழே போனது. அவன் வீடியோவில் பார்த்தது வேறு கேம்.

டிசம்பர் 7-க்கும் 10-க்கும் நடுவில்

வெளியீட்டுக்கு முன்னால் ரிவ்யூ எழுதுபவர்களுக்குக் கேம் கம்பெனி ஒரு பிரதியைக் கொடுக்கும், ரிவ்யூ கோட் என்பார்கள். கூடவே எம்பார்கோ என்று ஒன்று இருக்கும், இன்ன தேதி இன்ன மணி வரைக்கும் வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனை. இது புதிது இல்லை, தப்பும் இல்லை, எல்லோருக்கும் ஒரே நேரம் என்றால் அவசரப்பட்டு அரைகுறையாக எழுதுவது குறையும். சைபர்பங்கில் நடந்தது அதற்கு மேலே. முன்கூட்டி கொடுத்த கோட் எல்லாமே பிசிக்கானது. டிசம்பர் 7 வரை கன்சோல் கோட் யாருக்கும் இல்லை. தாங்கள் விளையாடியதை ரெக்கார்டு செய்து ரிவ்யூ வீடியோவில் போடவும் அனுமதி இல்லை, கம்பெனி தயாரித்துக் கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் என்னைப் பொறுத்தவரை மிகவும் மோசமானது. ஒரு ரிவ்யூவர் பிசியிலேயே நூறு பக் (கோளாறு) பார்த்திருந்தாலும், அதைச் சொல்லும்போது பின்னால் ஓடும் படம் பக் இல்லாத படம். கண் பார்ப்பதைத்தான் மனசு நம்பும். தம்பி பார்த்த வீடியோக்களில் பலவற்றில் பேச்சு ரிவ்யூவருடையது, படம் விளம்பரத்துடையது.

எங்கள் பக்கம் நெல் பிடிக்க வருகிற வியாபாரி, நாம் கையில் அள்ளிக் காட்டுகிற நெல்லைப் பார்த்து விலை சொல்ல மாட்டார், தனக்குப் பிடித்த மூட்டையில் குத்தூசியைச் செருகி உள்ளே இருப்பதை எடுத்து உள்ளங்கையில் போட்டுப் பார்ப்பார். டிசம்பர் 7 அன்று ரிவ்யூவர்கள் கையில் குத்தூசி இல்லை. ஒன்பது மூட்டையில் எதைப் பிரித்துக் காட்டலாம் என்று விற்கிறவரே முடிவு செய்தார், இருப்பதில் நல்ல மூட்டையைப் பிரித்தார், அதைப் பார்த்தவர்கள் நல்ல நெல் என்று எழுதினார்கள். பொய்யில்லை. ஆனால் மற்ற மூட்டைகளுக்கும் அதே சீட்டு ஒட்டப்பட்டது.

இதன் அளவு எவ்வளவு என்று கேட்டால், வெளியீட்டுக்கு முன்பே 80 லட்சம் பேர் காசு கட்டியிருந்தார்கள், அதில் 41 விழுக்காடு கன்சோலுக்கு என்று கம்பெனியே அறிவித்தது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், தங்கள் மிஷினில் இது எப்படி ஓடும் என்று வெளியாள் ஒருவர் எழுதிய ஒரு வரிகூட இல்லாமல் வாங்கியிருக்கிறார்கள். பிறகு கன்சோலில் விளையாடி எழுதிய ரிவ்யூக்கள் வந்தபோது ஐஜிஎன் அதே கேமின் பழைய கன்சோல் வடிவத்துக்குப் பத்துக்கு நாலு போட்டது. மெட்டாகிரிட்டிக்கில் பிசிக்கு 86 என்று நிலைத்தது, பிஎஸ்4-க்கு 57. ஒரே பெயர், ஒரே அட்டைப்படம், நடுவில் 29 மார்க் வித்தியாசம்.

கம்பெனிக்குத் தெரியாதா? நவம்பர் கடைசியில் முதலீட்டாளர்களோடு பேசும்போது, பழைய கன்சோல்களிலும் வியக்கிற அளவுக்கு நன்றாக ஓடுவதாக இணைத் தலைவர்களில் ஒருவர் சொன்னார். டிசம்பர் 14-ல் மன்னிப்பு அறிக்கை வந்தது, பழைய கன்சோலில் ஓடுவதை முன்கூட்டிக் காட்டியிருக்க வேண்டும் என்று அதிலேயே ஒத்துக்கொண்டார்கள். ஜனவரி 13-ல் இன்னொரு தலைவர் மார்ச்சின் இவின்ஸ்கி வீடியோவில் வந்து விளக்கினார்: முதலில் பிசியில் பிரமாதமாக இருக்கும்படி செய்துவிட்டு அப்புறம் அதைப் பழைய கன்சோலுக்குள் இறக்கினோம், பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கு நகரத்தை விடாமல் ஊட்டுவது பெரிய பாடாகிவிட்டது, எங்கள் சோதனைகளில் இத்தனை பிரச்சினை தெரியவில்லை, கன்சோல் கோட்களை டிசம்பர் 8-ல் தான் அனுப்ப ஆரம்பித்தோம், கடைசி நாள் வரை வேலை நடந்தது, இந்த மாதிரி. ஹார்ட் டிஸ்க் பற்றி அவர் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகச் சரியானது, தம்பி வண்டியை விரட்டும்போது ரோடு காலியாக இருந்ததற்கு அதுதான் காரணம். சோதனையில் தெரியவில்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மன்னார்குடியில் பெட்டியைப் போட்டு அரை மணி நேரத்தில் தெரிந்தது கம்பெனி இருக்கிற வார்சாவில் தெரியாமல் போயிருக்க வாய்ப்பில்லை. அந்த வாரமே ப்ளூம்பெர்க்கில் வந்த நீண்ட கட்டுரை, 2018-ல் ஈ3-யில் காட்டிய டெமோ பெருமளவு காட்டுவதற்காகவே செய்யப்பட்டது என்று உள்ளே வேலை பார்த்தவர்களை வைத்து எழுதியது. ஸ்டுடியோ தலைவர் அதைப் பொதுவெளியிலேயே மறுத்தார்.

டிசம்பர் 17 அன்று சோனி இந்தக் கேமைத் தன் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து எடுத்தது. இவ்வளவு பெரிய கேமுக்கு அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. ஆறு மாதம் கழித்து, 2021 ஜூன் 21-ல் தான் திரும்ப வந்தது.

ஏழு மார்க் போட்டவருக்கு என்ன நடந்தது

இதை நான் தனியாக எழுத நினைத்தேன். பிசியில் ஓடியதே குறைகளோடு இருக்கிறது என்று கேம்ஸ்பாட்டில் ஏழு மார்க் போட்ட எழுத்தாளரை, கேமைக் கையால் தொடக்கூட வாய்ப்பில்லாத கூட்டம் நாள் கணக்கில் வசை பாடியது. கேம் இன்ஃபார்மர் பத்திரிகை எழுத்தாளர் ஒருவர், கேமில் வரும் ஒரு விளக்கு மின்னும் காட்சி வலிப்பு நோய் இருப்பவர்களுக்கு ஆபத்து, விளையாடும்போது எனக்கே வலிப்பு வந்தது என்று வெளியீட்டுக்கு முன்னால் எழுதினார். அதைப் பார்த்துத்தான் கம்பெனி எச்சரிக்கை சேர்த்தது, பிறகு அந்தக் காட்சியையும் மாற்றியது. ஒரு ரிவ்யூ செய்யக்கூடிய மிகப் பெரிய நல்லது அது. அவருக்குக் கிடைத்த பதில், வலிப்பைத் தூண்டும் வீடியோக்களை அவருக்கே அனுப்பினார்கள்.

ரிவ்யூவர்கள் விலை போய்விட்டார்கள் என்று கோபப்படும் அதே ஆட்கள்தான் வெளியீட்டு வாரத்தில் குறை சொன்னவரைக் கடித்துக் குதறுகிறார்கள். முன்பணம் கட்டிவிட்டால் மனசு ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஒன்பது போட்டால் நிம்மதி, ஏழு போட்டால் ஆயிரம் பேர் திட்டு என்றால், அடுத்த முறை அந்த எழுத்தாளர் பேனாவை எடுக்கும்போது அது கணக்கில் வராமல் இருக்குமா?

காசு கை மாறுவது

காசு வாங்கிக்கொண்டு பேசுவது நடக்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2014-ல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோர் கேமுக்கு வார்னர் பிரதர்ஸ் யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்தது, பக், கோளாறு எதையும் காட்டக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது, பணம் வாங்கிய விஷயம் வீடியோவுக்குக் கீழே யாரும் திறக்காத விளக்கக் குறிப்புக்குள் போனது. அமெரிக்க வணிக ஆணையம் 2016-ல் இதை எடுத்து விசாரித்து, இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்கியது. அதற்கும் முன்னால் 2007-ல் கேம்ஸ்பாட்டில் ஜெஃப் கெர்ஸ்ட்மன், கேன் அண்ட் லிஞ்ச் கேமுக்கு ஆறு மார்க் போட்டார், அதே கேமின் விளம்பரம் தளம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த நேரம், வேலை போனது. அந்த ரிவ்யூவுக்கும் வேலை போனதற்கும் தொடர்பு உண்டு என்று 2012-ல் தான் அவரால் வெளிப்படையாகப் பேச முடிந்தது.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது, மார்க் என்பது வாங்குபவருக்கு மட்டும் இல்லை, கேம் செய்தவர்களின் சம்பளத்துக்கும் அதுவே அளவுகோலாகிவிட்டது. ஃபால்அவுட் நியூ வேகாஸ் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று பேச்சு. வந்தது 84. சைபர்பங்க் ஊழியர்களுக்கும் 90-ஐ எட்டினால் போனஸ் என்று இருந்தது, சொதப்பிய பிறகுதான் மார்க் எப்படியிருந்தாலும் தருகிறோம் என்று தலைமை மாற்றிக்கொண்டது. வாரத்துக்கு ஆறு நாள் என்று இரவு பகலாக உழைத்தவன் வீட்டுச் செலவு அந்தச் சராசரியில் தொங்கும்போது, அந்தச் சராசரி எந்த வடிவத்தைப் பார்த்து எடுக்கப்பட வேண்டும் என்பதில் கம்பெனிக்கு எவ்வளவு அக்கறை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எம்பார்கோ நேரமே ஒரு சேதிதான். 2014 நவம்பரில் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி வந்தபோது, கேம் நள்ளிரவில் விற்பனைக்கு வந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரிவ்யூ வெளியிடலாம் என்று யுபிசாஃப்ட் நிபந்தனை வைத்தது. முகத் தோல் காணாமல் போய்க் கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும் அந்தப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றியது அதற்குப் பிறகுதான். கேமை நம்புகிற கம்பெனி நாலு நாள் முன்னால் எழுத விடும். விற்ற பிறகுதான் எழுதலாம் என்றால் வாங்காமல் இருப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

சரி, வாங்கினவர்களே எழுதும் ரிவ்யூவை நம்பலாமா? பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் எழுதுபவர் அந்தக் கேமை உண்மையாகவே கணக்கில் வைத்திருக்க வேண்டும், எழுதும்போது எத்தனை மணி நேரம் ஆடியிருந்தார் என்றும் காட்டும், ஆகவே அதற்கு ஓரளவு எடை உண்டு. மெட்டாகிரிட்டிக்கில் வாங்கினதற்கு ஆதாரம் எதுவும் கேட்பதில்லை. 2020 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் வந்ததும், முடித்திருக்கவே முடியாத நேரத்துக்குள் ஆயிரக்கணக்கில் பூஜ்யம் விழுந்தது, அடுத்த மாதமே வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர் மார்க் போடலாம் என்று விதியை மாற்றினார்கள். கூட்டம் போடும் மார்க்கில் கோபம் இருக்கும், விவரம் குறைவு. எனக்குத் தேவை விவரம். பிஎஸ்4, சாதாரண மாடல், பேட்ச் எண் இது, இத்தனை தடவை கிராஷ் ஆனது என்று பெயர் தெரியாத ஒருவர் எழுதும் மூன்று வரி, பெரிய தளத்தின் ஒன்பது மார்க்கைவிட தம்பிக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

தமிழில் கேம் பற்றிப் பேசுபவர்கள் இப்போது நிறைய வந்துவிட்டார்கள், சந்தோஷம். அவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இதுதான்: எந்த மிஷின், சொந்தக் காசா கம்பெனி கொடுத்த கோடா, ஓடுகிற படம் யார் எடுத்தது, எந்த பேட்ச், இந்த நான்கையும் வீடியோவின் முதல் நிமிஷத்தில் வாயால் சொல்லிவிடுங்கள். இலவசமாக வந்த பொருளையும் வெளிப்படுத்த வேண்டும் என்று விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-லேயே விதி வைத்தது, மத்திய நுகர்வோர் துறையும் 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. சட்டத்துக்குப் பயந்து வேண்டாம், பார்க்கிறவர் எப்படிப்பட்ட மாதத்தில் எடுத்து வைத்த காசைச் செலவு செய்யப் போகிறார் என்று நினைத்தாலே போதும்.

திருப்பிக் கேட்டது

தம்பி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மறுபடி தஞ்சாவூர் போனான். "பிரிச்ச டிஸ்க்க எடுக்க மாட்டோம் தம்பி, கேம் அப்படித்தான் வந்திருக்குன்னா நாங்க என்ன பண்ணுறது" என்று அந்தக் கடையில் சொல்லிவிட்டார்கள். பில் என்று கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. டிஜிட்டலில் வாங்கினவர்களுக்கு சோனி முழுப் பணத்தையும் திருப்பியது. டிஸ்க் வாங்கி, கடையிலும் எடுக்காதவர்கள் டிசம்பர் 21-க்குள் மின்னஞ்சல் அனுப்பினால் தாங்களே பார்ப்பதாக சிடி ப்ராஜெக்ட் சொன்னது. ஒரு வாரம்தான் அவகாசம். தம்பி காதுக்கு அது வந்து சேர்ந்தபோது கெடு முடிந்திருந்தது. அந்த வழியில் பணம் திரும்பப் போனது சுமார் 30,000 பிரதிகளுக்கு. 2020-ல் மட்டும் விற்றவை 1 கோடியே 37 லட்சம்.

திருப்பிக் கொடுக்கும் வழி சுலபமாக இருந்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஸ்டீம் நல்ல உதாரணம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் எந்தக் காரணமானாலும் பணம் திரும்பும் என்று 2015 ஜூன் 2-ல் கொண்டுவந்தார்கள். அதே ஜூன் 23-ல் பேட்மேன் ஆர்க்கம் நைட் பிசி வடிவம் நொண்டிக்கொண்டு வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கூட்டம் குவிந்தது, மறுநாளே விற்பனையை நிறுத்திச் சரிசெய்யப் போனார்கள், அக்டோபர் கடைசியில்தான் திரும்ப விற்பனைக்கு வந்தது.

டிஸ்க் வாங்குகிற நம்மூர் ஆட்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை, அது பலருக்குத் தெரிவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தராமல் இருப்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறது, பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் நாம் குடியிருக்கும் இடத்திலிருந்தே வழக்குப் போடலாம், ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது. மூவாயிரத்துக்கு யார் அலைவது என்று சித்தப்பா சொன்னார், தண்ணீர் வடியாத வயலைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதவில்லை, நியாயம்தான். ஆனாலும் கடைக்காரர் சொன்னதே கடைசி வார்த்தை என்று பசங்கள் நினைத்துவிடக் கூடாது.

2.0

2021 மார்ச் கடைசியில் 1.2 என்ற பெரிய பேட்ச் வந்தது. ஜூனில் ஸ்டோரில் திரும்ப வைத்தபோது சோனியே, சாதாரண பிஎஸ்4-ல் இன்னும் சிக்கல் வரலாம், பிஎஸ்4 ப்ரோ அல்லது பிஎஸ்5-ல் விளையாடுவது நல்லது என்று எழுதித்தான் வைத்தது. 2022 செப்டம்பரில் 1.6. அடுத்த ஆண்டு செப்டம்பர் 21-ல் 2.0, சில நாளில் ஃபேண்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் பாகம். எல்லோரும் எழுதினார்கள், சைபர்பங்க் மீண்டுவிட்டது, சொன்ன கேம் கடைசியில் வந்தேவிட்டது என்று. நானும் பிசியில் ஆடிப் பார்த்தேன், உண்மையிலேயே அருமையான கேம், அதைச் செய்தவர்கள் மூன்று வருஷம் விடாமல் உழைத்ததற்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

ஆனால் 2.0 பிஎஸ்4-க்கும், அதே காலத்து மைக்ரோசாஃப்ட் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வரவில்லை, ஃபேண்டம் லிபர்ட்டியும் வரவில்லை. அந்த மிஷின்களுக்குக் கிடைத்த கடைசிப் பெரிய பேட்ச் 1.6 தான். அதாவது 2020 டிசம்பரில் நடந்ததே 2023-லும் நடந்தது: பாராட்டு ஒரு வடிவத்துக்கு, வேறு வடிவத்தை வைத்திருப்பவனும் அந்தப் பாராட்டைத்தான் படிக்கிறான். செகண்ட் ஹேண்ட் கடையில் பிஎஸ்4 டிஸ்க் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, இப்போதெல்லாம் இந்தக் கேம் சூப்பராகிவிட்டதாமே என்று கேட்டுக்கொண்டு ஒரு பையன் வாங்குவான். ஆரம்பத்தில் அடித்த டிஸ்க் என்றால் அதில் இருப்பது பேட்ச் எதுவும் சேராத முதல் பிரதி. வீட்டில் நெட் இல்லாவிட்டால் அவனுக்கு ஓடப்போவது 2020-ல் மன்னார்குடி பக்கம் ஓடிய அதே கேம்தான், நெட் இருந்தால் 1.6 வரை போகலாம்.

தம்பியின் டிஸ்க்கை பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்டார். அவரிடம் இருப்பது பிஎஸ்5 என்று உறுதி செய்துகொண்டு, அந்த டிஸ்க்கைப் போட்டால் பிஎஸ்5 வடிவத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஆனால் டவுன்லோடு பெரிசு, நல்ல நெட் வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, தம்பி ஐந்நூறு ரூபாய்க்குக் கொடுத்தான்.